கனிம நிரப்பிகள்: பல்லிலும் தாடை எலும்பிலும் பாதுகாப்பாகக் கையாள முழுமையான வழிகாட்டி

கால்சியம், சிலிக்கா, பாஸ்பேட் ஆகியவற்றால் ஆன பொருள்களைப் பல்லுக்குள்ளும் எலும்புக்குள்ளும் வைக்கிறோம். உடம்புக்கு ஒத்துப்போகும் பொருள்கள் என்று பெயர் பெற்றவை என்பதால் ‘இது ஒன்றும் செய்யாது’ என்ற அலட்சியம் எளிதில் வந்துவிடுகிறது. சிகிச்சை கெட்டுப்போன பற்களைத் திறந்து பார்த்தால் காரணம் பெரும்பாலும் இந்த நான்கில் ஒன்றாக இருக்கும்: தண்ணீரின் அளவு தவறியது, ரத்தமோ எச்சிலோ கலந்தது, நிற்க வேண்டிய எல்லையைத் தாண்டிப் பொருள் போனது, அடியில் தொற்றை விட்டுவிட்டு மேலே மூடியது. கீழே சொல்லும் ஒவ்வொரு படியும் இந்த நான்கில் ஏதோ ஒன்றைத் தடுப்பதற்காகத்தான்.

பல் மருத்துவ மாணவர்கள், புதிதாகக் கிளினிக் தொடங்கியவர்கள், நாற்காலியருகே பொருள் கலந்து தரும் உதவியாளர்கள் ஆகியோருக்காக எழுதியது இது. நோயாளிகளுக்கு வேண்டியது கடைசிப் பகுதியில் இருக்கிறது.

எந்தப் பொருள், எந்த வேலைக்கு

கிளாஸ் அயனோமர் என்பது ஃபுளூரோ அலுமினோ சிலிக்கேட் கண்ணாடித் தூளும் பாலி அக்ரிலிக் அமிலமும் சேர்ந்து இறுகும் சிமெண்ட். வில்சனும் கென்டும் லண்டனில் உருவாக்கி, 1972இல் வெளியிட்டது. சொத்தை அடைக்கவும், அடித்தளம் போடவும் ஏற்றது. வெளிப்பட்ட பல் கூழின் (பல்லுக்குள் நரம்பும் ரத்தக் குழாயும் உள்ள மென்திசு) மேல் இதை நேரடியாக வைக்கக் கூடாது.

அந்த இடம் எம்.டி.ஏ. (மினரல் டிரையாக்சைடு அக்ரிகேட்), பயோடென்டின் போன்ற கால்சியம் சிலிக்கேட் சிமெண்டுகளுக்கு உரியது. கூழை மூடுவது, திறந்த வேர் நுனியை அடைப்பது, வேர்க் குழாயில் தவறி விழுந்த ஓட்டையைச் சரிசெய்வது இவற்றின் வேலை. கால்சியம் ஹைட்ராக்சைடு 1920இல் ஹெர்மன் அறிமுகப்படுத்திய பழைய பொருள். இன்று பெரும்பாலும் இரண்டு அமர்வுகளுக்கு இடையில் வேர்க் குழாய்க்குள் வைக்கும் மருந்தாகப் பயன்படுகிறது.

எலும்புக்குள் வைப்பவை வேறு குடும்பம். ஹைட்ராக்ஸி அபடைட்டில் கால்சியத்துக்கும் பாஸ்பரசுக்கும் உள்ள விகிதம் 1.67, அது மிக மெதுவாகவே கரையும். பீட்டா டிரை கால்சியம் பாஸ்பேட்டில் அந்த விகிதம் 1.5, மாதங்களில் கரைந்து எலும்புக்கு இடம் விடும். இரண்டையும் 60:40 போன்ற விகிதத்தில் கலந்தும் விற்கிறார்கள். மாட்டெலும்பிலிருந்து கரிமப் பகுதியை நீக்கிய துகள்களும் அடிப்படையில் அபடைட்தான். ஆண்டுக்கணக்கில் அங்கேயே இருக்கும். கால்சியம் சல்ஃபேட் சில வாரங்களில் கரைந்துவிடும். லேரி ஹென்ச் 1969இல் உருவாக்கிய 45எஸ்5 உயிர்வினைக் கண்ணாடியில் 45% சிலிக்கா, 24.5% சோடியம் ஆக்சைடு, 24.5% கால்சியம் ஆக்சைடு, 6% பாஸ்பரஸ் பென்டாக்சைடு இருக்கிறது.

தேர்வு செய்யும்போது முதல் கேள்வி ‘எவ்வளவு காலம் இது அங்கே இருக்க வேண்டும்?’ என்பதே. ஐந்து மாதத்தில் இம்ப்ளான்ட் (எலும்பில் பதிக்கும் செயற்கைப் பல் வேர்) போடப்போகும் குழியில் கால்சியம் சல்ஃபேட்டை மட்டும் போட்டால், எலும்பு வருவதற்குள் அது போய்விடும், குழி சுருங்கிவிடும்.

வாங்கும்போதே தொடங்கும் பாதுகாப்பு

எம்.டி.ஏ.வின் முக்கால் பங்கு போர்ட்லண்ட் சிமெண்ட், 20% பிஸ்மத் ஆக்சைடு, 5% ஜிப்சம். இதைப் படித்தவுடன் ‘கட்டடச் சிமெண்டையே சுத்தம் செய்து போட்டால் என்ன?’ என்று கேட்பவர்கள் உண்டு. கூடவே கூடாது. கட்டடச் சிமெண்டில் ஆர்சனிக், ஈயம், குரோமியம் எவ்வளவு இருக்கிறது என்பது மூட்டைக்கு மூட்டை மாறும். நீரில் இறுகும் பல் சிமெண்டுகளுக்கான ஐ.எஸ்.ஓ. 9917-1 தரம், அமிலத்தில் கரையும் ஆர்சனிக்கைக் கிலோவுக்கு 2 மி.கி., ஈயத்தை 100 மி.கி. என்று கட்டுப்படுத்துகிறது. அந்தச் சோதனை எதுவும் கட்டடச் சிமெண்டுக்கு நடப்பதில்லை. ஆட்டோகிளேவில் வைத்தால் கிருமி சாகும், ஆர்சனிக் போகாது. நீராவி பட்ட தூள் அங்கேயே இறுகத் தொடங்கும். அதில் பிஸ்மத்தும் இல்லாததால் எக்ஸ்ரேயில் சரியாகத் தெரியாது, எங்கே நிற்கிறது என்று பார்க்கவும் வழியில்லை.

இந்தியாவில் இவை மருத்துவச் சாதன விதிகள், 2017-இன் கீழ் வருகின்றன. இறக்குமதிப் பொருளின் பெட்டியில் எம்.டி-15 உரிம எண் இருக்க வேண்டும். உள்நாட்டில் தயாரானதென்றால், அபாயம் குறைந்த ஏ, பி வகைச் சாதனங்களுக்கு எம்.டி-5, அபாயம் கூடிய சி, டி வகைக்கு எம்.டி-9 உரிமம். பெட்டி கைக்கு வந்ததும் உரிம எண், லாட் எண் (தயாரிப்புத் தொகுதி எண்), காலாவதித் தேதி, எலும்புத் துகளென்றால் கிருமிநீக்க முறையின் குறியீடு, உள்ளுறையின் சீல் ஆகியவற்றைப் பாருங்கள். சீல் நெகிழ்ந்திருந்தால் திருப்பி அனுப்பிவிடுங்கள். விலை பாதியாக இருக்கிறதென்று, பெட்டி இல்லாமல் உதிரியாக வரும் குப்பியை வாங்காதீர்கள்.

வைக்கும் இடமும் முக்கியம். கால்சியம் சிலிக்கேட் தூளுக்குக் காற்றின் ஈரமே எதிரி. கடலோர ஊர்களில் ஏ.சி. நிறுத்திய இரவுகளில் அலமாரிக்குள் ஈரம் ஏறும்; சிலிக்கா ஜெல் பையோடு காற்றுப் புகாத டப்பாவில் வையுங்கள். திறந்த எம்.டி.ஏ. பொட்டலத்தை மடித்துக் கிளிப் போட்டு அடுத்த நோயாளிக்கு எடுத்து வைக்கும் பழக்கம் பல இடங்களில் இருக்கிறது. விலை அதிகம் என்பது உண்மைதான். ஆனால் ஈரம் பட்ட தூளின் துகள்கள் தடித்துப்போகும். பிறகு எப்படிக் கலந்தாலும் சரியாக இறுகாது. சிறிய பொட்டலமாக வாங்குவதே சரியான சிக்கனம்.

கிளாஸ் அயனோமர்: விகிதம்தான் எல்லாம்

தூள் புட்டியை மூடியபடியே தட்டிக் குலுக்கி, அடைந்த தூளைத் தளர்த்துங்கள். அளவுக் கரண்டியில் நிரப்பி, மேல்பக்கத்தைப் புட்டியின் விளிம்பில் வழித்துச் சமப்படுத்துங்கள். திரவப் புட்டியை முதலில் பக்கவாட்டில் சாய்த்து, பிறகு நேர் செங்குத்தாகக் கவிழ்த்து ஒரு சொட்டு விடுங்கள். சாய்வாகப் பிடித்தால் சொட்டு சிறுக்கும். காற்றுக் குமிழி இருந்தால் பாதிச் சொட்டுத்தான் விழும். அடைக்கப் பயன்படும் கெட்டியான வகைகளில் எடைக்கணக்கில் 3.6 பங்கு தூளுக்கு ஒரு பங்கு திரவம் என்ற அளவு வழக்கமானது. அதையே ஒரு கரண்டி, ஒரு சொட்டு என்று அமைத்துத் தருகிறார்கள். ஒரு தயாரிப்பின் கரண்டியை இன்னொன்றின் புட்டியில் போடக் கூடாது.

பல்லை 10% பாலி அக்ரிலிக் அமிலத்தால் 20 விநாடி துடைத்து, கழுவி, பஞ்சால் ஒற்றி எடுங்கள். காற்றடித்து வறண்டுபோகச் செய்தால் பிடிப்பு குறையும், பிறகு கூச்சமும் வரும். தூளை இரண்டாகப் பிரித்து, முதல் பாதியைப் பத்து விநாடி, மீதியைச் சேர்த்து இன்னொரு பதினைந்து இருபது விநாடி கலக்குங்கள். கலவை பளபளவென்று இருக்கும்போதே பல்லில் வைத்துவிட வேண்டும். அந்தப் பளபளப்பு மங்கிவிட்டதென்றால் பல்லோடு ஒட்ட வேண்டிய அமிலம் தீர்ந்துவிட்டது என்று பொருள். அதைத் தூக்கிப் போட்டுப் புதிதாகக் கலக்குங்கள்.

வேலை செய்யும் நேரம் 23 டிகிரி செல்சியசில் இரண்டு நிமிடம் என்று அட்டையில் இருக்கும். நம் ஊர் மே மாதத்தில், ஏ.சி. சரியாக இல்லாத அறையில் அவ்வளவு கிடைக்காது. கண்ணாடிப் பலகையைக் குளிர வைக்கலாம், ஆனால் அதில் பனித்துளி படியக் கூடாது. திரவத்தை ஃபிரிட்ஜில் வைக்காதீர்கள், கெட்டியாகிவிடும். அடைத்தவுடன் வார்னிஷோ பெட்ரோலியம் ஜெல்லியோ பூசுங்கள். முதல் மணிநேரத்தில் எச்சில் பட்டால் கரையும், காற்றில் காய்ந்தால் வெடிக்கும். மெருகேற்றுவதை 24 மணி நேரம் கழித்து வைத்துக்கொள்ளுங்கள்.

எம்.டி.ஏ.: கூழை மூடும் முறை

லோமா லிண்டா பல்கலைக்கழகத்தில் மஹ்மூத் டொராபினெஜாத் 1990களின் தொடக்கத்தில் உருவாக்கிய பொருள் இது. கலந்தவுடன் இதன் பி.எச். 10.2; மூன்று மணி நேரத்தில் 12.5 வரை ஏறுகிறது. கிருமி வளர விடாததும் இந்தக் காரத்தன்மைதான், கண்ணில் தூள் பட்டால் எரிவதும் இதனால்தான். கலக்கும் உதவியாளருக்கு முகக்கவசமும் கண்ணாடியும் கட்டாயம். நோயாளிக்கும் பாதுகாப்புக் கண்ணாடி போடுங்கள்.

ரப்பர் டேம் (பல்லை எச்சிலிலிருந்து பிரிக்கும் ரப்பர் விரிப்பு) இல்லாமல் இந்த வேலையைத் தொடங்காதீர்கள். சொத்தை முழுவதையும் சுற்றுச்சுவர்களிலிருந்து எடுத்த பிறகே கூழின் பக்கம் வரவேண்டும். கூழை நெருங்கும்போது பர்ரை (துளையிடும் முனை) மாற்றிவிடுங்கள். கூழ் வெளிப்பட்டால் 2.5 முதல் 5% சோடியம் ஹைப்போகுளோரைட்டில் நனைத்த பஞ்சை அழுத்தாமல் வைத்துக் காத்திருங்கள். ஐந்து முதல் பத்து நிமிடத்துக்குள் ரத்தம் நிற்க வேண்டும். நிற்கவில்லையென்றால் மேல்பகுதிக் கூழ் அழற்சியில் இருக்கிறது. இரண்டு மூன்று மி.மீ. வெட்டி எடுத்துவிட்டு மறுபடி பாருங்கள். அப்போதும் நிற்கவில்லையென்றால் மேலறைக் கூழ் முழுவதையும் எடுக்க வேண்டும். ரத்தம் கசியும்போதே ‘சிமெண்ட் வைத்தால் நின்றுவிடும்’ என்று மூடுவதுதான் இந்தச் சிகிச்சையில் நடக்கும் மிகப் பெரிய தவறு. அடியில் ரத்தக்கட்டி தங்கும், சிமெண்ட் சரியாக இறுகாது, நோயுற்ற கூழும் உள்ளேயே இருக்கும்.

ரத்தம் நின்றபின் கலக்கத் தொடங்குங்கள். எடைக்கணக்கில் மூன்று பங்கு தூளுக்கு ஒரு பங்கு வடிநீர் (காய்ச்சி வடித்த நீர்). கண்ணாடிப் பலகையில் தண்ணீரைச் சிறிது சிறிதாகத் தூளுக்குள் இழுத்து, எல்லாத் துகளும் நனையும்வரை ஏறத்தாழ ஒரு நிமிடம் கலக்குங்கள். பதம் ஈர மணல்போல் இருக்க வேண்டும். உதிர்ந்தால் தண்ணீர் குறைவு, ஒரு துளி சேருங்கள். பலகையில் வழிந்தால் கூடிவிட்டது, நெய்த்துணியின் (காஸ்) ஓரத்தால் ஒற்றி எடுங்கள். வேலை நேரம் ஏறத்தாழ ஐந்து நிமிடம். காத்திருக்க நேர்ந்தால் ஈர நெய்த்துணியால் மூடி வையுங்கள்.

குளோர்ஹெக்சிடின் ஜெல்லில் இதைக் கலக்கக் கூடாது, இறுகாது. முன்பு வேர்க் குழாயைக் கழுவிய ஈ.டி.டி.ஏ. கரைசல் மிச்சமிருந்தாலும் இறுகுவது கெடும். சலைனோ வடிநீரோ விட்டு நன்றாகக் கழுவுங்கள். ஹைப்போகுளோரைட்டும் குளோர்ஹெக்சிடினும் ஒரே குழாயில் சந்தித்தால் பழுப்பு நிறப் படிவு உண்டாகிப் பல்லில் ஒட்டிக்கொள்ளும். நடுவில் கட்டாயம் சலைனால் கழுவ வேண்டும்.

சிறிய கேரியரால் எடுத்து, வெளிப்பட்ட இடத்தின் மேலும் சுற்றியுள்ள டென்டினின் (எனாமலுக்கு அடியிலுள்ள பல் திசு) மேலும் இரண்டு முதல் மூன்று மி.மீ. கனத்தில் வைத்து, ஈரப் பஞ்சுருண்டையால் மெதுவாகத் தட்டிப் படிய வையுங்கள். திணித்து அழுத்தினால் இறுகிய பிறகு அதன் பலம் குறைகிறது, கூழுக்குள்ளும் இறங்குகிறது. வைத்த பிறகு தண்ணீர் பீய்ச்சவே கூடாது, அப்படியே கரைந்தோடிவிடும். சுவரில் ஒட்டியதை ஈரப் பஞ்சால் துடைத்தெடுங்கள்.

பழைய எம்.டி.ஏ. இறுக ஏறத்தாழ இரண்டே முக்கால் மணி நேரம் ஆகும். அதன் மேல் ஈரப் பஞ்சு வைத்துத் தற்காலிகமாக அடைத்து, அடுத்த முறை கூரிய எக்ஸ்ப்ளோரரால் தொட்டு இறுகியதைச் சரிபார்த்து, நிரந்தரமாக அடைப்பது பாதுகாப்பான வழி. ஒரே அமர்வில் முடிக்க வேண்டுமென்றால் பயோடென்டின் பொருத்தம். அதன் காப்ஸ்யூலைத் தட்டித் தூளைத் தளர்த்தி, திரவத்தைச் சரியாக ஐந்து சொட்டு விட்டு, 4000 முதல் 4200 சுற்று வேகத்தில் 30 விநாடி குலுக்குங்கள். ஆறாவது சொட்டு விழுந்தால் கலவை நீர்த்துப் பலம் குறையும். திரவத்திலுள்ள கால்சியம் குளோரைடு இறுகுவதை விரைவாக்குகிறது. 12 நிமிடம் வரை பொறுத்திருங்கள். அதற்குள் அமிலம் பூசவோ கழுவவோ கூடாது.

முன்பற்களில் பிஸ்மத் கலந்த எந்த வகையையும் தவிர்ப்பதே நல்லது. ஹைப்போகுளோரைட்டும் ரத்தமும் பட்டால் பிஸ்மத் கறுக்கிறது, பல்லின் வழியாகச் சாம்பல் நிறம் தெரிகிறது. வெள்ளை எம்.டி.ஏ. என்ற பெயரை நம்பி ஏமாற வேண்டாம், அதிலும் பிஸ்மத் உண்டு. சிர்கோனியம் ஆக்சைடு சேர்த்த வகையைத் தேர்ந்தெடுங்கள்.

திறந்த வேர் நுனியை அடைக்கும்போது

சிறு வயதில் அடிபட்டு, வேர் முழுதாக வளராமல் நின்றுபோன பற்களில் இந்த வேலை வரும். குழாயைக் கழுவிச் சுத்தம் செய்து, ஓரிரு வாரம் கால்சியம் ஹைட்ராக்சைடு வைத்துச் சீழும் கசிவும் நின்ற பிறகே அடைக்க வேண்டும். அழற்சியுள்ள இடம் அமிலத்தன்மை கொண்டது. பி.எச். 5 அளவில் எம்.டி.ஏ. இறுகினாலும் கடினம் குறைவாகவே இருக்கும்.

ரப்பர் நிறுத்தியோடு பிளக்கரை (பொருளை அழுத்தும் கருவி) வேர் நீளத்தைவிட ஒரு மி.மீ. குறைவாக அளந்து வையுங்கள். நுனி மிக அகலமாக இருந்தால், கரையும் கொலாஜன் துண்டை முதலில் நுனிக்கு அப்பால் தள்ளி ஒரு தடுப்பு அமைத்துக்கொள்ளுங்கள். முதல் சிறு உருண்டையை வைத்தவுடன் எக்ஸ்ரே எடுங்கள். நுனியில் நிற்கிறதா, தாண்டிவிட்டதா என்பது இந்தப் படத்தில்தான் தெரியும். தவறு தெரிந்தால் இப்போதே சலைனால் கழுவி வெளியே எடுத்துவிடலாம். முழுதும் அடைத்த பிறகு தெரிந்து பயனில்லை. இறுகிய எம்.டி.ஏ.வைக் கரைக்கும் கரைப்பான் எதுவும் கிடையாது. மூன்று முதல் ஐந்து மி.மீ. நீளம் நிரப்பி, ஈரப் பஞ்சு வைத்து மூடி, அடுத்த நாளோ அதன் பின்போ கடினத்தைச் சோதித்து மீதிக் குழாயை அடையுங்கள்.

கால்சியம் ஹைட்ராக்சைடு பசையை ஊசி வழியாகச் செலுத்துவதில் தனி அபாயம் ஒன்று உண்டு. ஊசி நுனி குழாய்ச் சுவரில் இறுகிக்கொண்ட நிலையில் அழுத்தினால், பசை வேரைத் தாண்டி எலும்புக்குள்ளும், அரிதாக ரத்தக் குழாய்க்குள்ளும் போகும். முகத்தின் ஒரு பக்கத்துக்கு ரத்த ஓட்டமே தடைப்பட்டுத் தோல் அழுகிய நிகழ்வுகள் மருத்துவ இதழ்களில் பதிவாகியிருக்கின்றன. ஊசி நுனி வேர் நீளத்துக்கு இரண்டு மூன்று மி.மீ. குறைவாக, தளர்வாக அசையும்படி இருக்க வேண்டும். பின்னோக்கி இழுத்துக்கொண்டே மெதுவாக விடுங்கள். கீழ்க் கடைவாய்ப் பற்களில், நரம்புக் குழாய் வேர் நுனியை ஒட்டியிருப்பது எக்ஸ்ரேயில் தெரிந்தால் ஊசியைத் தவிர்த்துவிட்டு, ஃபைலாலோ பேப்பர் பாயின்டாலோ பசையை வையுங்கள். மருந்து உள்ளே போகும் நொடியில் நோயாளி கடும் வலியென்று துள்ளினால், மரத்துப்போக ஊசி போட்டிருந்தும் ஏன் வலிக்கிறது என்று வியந்து நிற்காதீர்கள். உடனே நிறுத்துங்கள்.

பல் பிடுங்கிய குழியில் எலும்புத் துகள்

கடைவாய்ப் பகுதியில் பல்லை எடுத்து அப்படியே விட்டால், ஓராண்டுக்குள் அந்த இடத்தின் அகலம் ஏறத்தாழ பாதியாகக் குறைகிறது. அந்தச் சுருக்கத்தின் மூன்றில் இரண்டு பங்கு முதல் மூன்று மாதத்திலேயே நடந்துவிடுகிறது. துகள் நிரப்புவது இதைக் குறைக்கும், முழுதாக நிறுத்தாது. நோயாளியிடம் முதலிலேயே இப்படிச் சொல்லிவிடுவது நல்லது.

பல்லைத் தொடும் முன் கேட்க வேண்டியவை சில. எலும்புத் தேய்மானத்துக்கோ புற்றுநோய்க்கோ ஸோலட்ரோனிக் அமிலம் போன்ற பிஸ்பாஸ்போனேட் மருந்தோ டெனோசுமாபோ எடுக்கிறாரா? எடுத்தால் தாடை எலும்பு அழுகும் அபாயம் உண்டு, மருந்து எழுதிய மருத்துவரிடம் பேசாமல் கை வைக்காதீர்கள். சர்க்கரை கட்டுக்குள் இருக்கிறதா? சமீபத்திய எச்.பி.ஏ.1சி (மூன்று மாதச் சராசரிச் சர்க்கரை) முடிவைக் கேளுங்கள். புகைப்பழக்கம் உண்டா? தாடைக்குக் கதிரியக்கச் சிகிச்சை நடந்ததா?

அடுத்தது, பலர் கேட்க மறக்கும் கேள்வி. துகள் மாட்டெலும்பிலிருந்து வந்திருக்கலாம்; மேலே மூடும் கொலாஜன் படலம் மாட்டுத் தோலிலிருந்தோ பன்றித் தோலிலிருந்தோ வந்திருக்கலாம். சமய நம்பிக்கையாலோ சைவ வழக்கத்தாலோ அதை ஏற்காதவர்கள் நம்மிடம் வருபவர்களில் நிறைய. ‘கால்சியம் பவுடர் வைக்கிறோம்’ என்று மழுப்பாமல் எதிலிருந்து வந்தது என்று தெளிவாகச் சொல்லி, எழுத்தில் ஒப்புதல் வாங்குங்கள். ஏற்காதவருக்குச் செயற்கை டிரை கால்சியம் பாஸ்பேட்டும், விலங்குப் பொருள் இல்லாத படலமும் கிடைக்கின்றன. முடிவு அவருடையது.

ஈறைக் கிழிக்காமல், வேர்களைப் பிரித்துத் தனித்தனியாகப் பல்லை எடுங்கள். வெளிப்பக்கச் சுவர் மிக மெல்லியது, அதை அழுத்தி நெம்பினால் உடைந்துவிடும். பிறகு குழியைக் கரண்டியால் சுரண்டி, சதைத் திசு ஒன்றுகூட மிஞ்சாமல் எடுத்துச் சலைனால் கழுவுங்கள். புரோபால் நான்கு சுவர்களையும் தடவிப் பாருங்கள். எலும்பிலிருந்து புது ரத்தம் கசிய வேண்டும். வறண்ட குழியில் துகள் போட்டால் அது ரத்த ஓட்டம் இல்லாமல் தனித்துக் கிடக்கும். சீழ் வடியும் குழியென்றால் இன்று துகள் வைக்காதீர்கள். சுத்தம் செய்து, ஆறு முதல் எட்டு வாரம் கழித்து வரச்சொல்லுங்கள்.

துகளின் அளவு 0.25 முதல் 1 மி.மீ. வரை இருப்பது பல் குழிக்கு வழக்கமானது. ஒரு வேர்ப் பல்லின் குழிக்கு அரை கன செ.மீ.க்கு உட்பட்ட அளவும், கடைவாய்ப் பல்லுக்கு ஏறத்தாழ ஒரு கன செ.மீ. வரையும் தேவைப்படும். குப்பியைக் கிருமி நீக்கிய கிண்ணத்தில் கொட்டி, சலைனிலோ குழியிலிருந்து எடுத்த ரத்தத்திலோ சில நிமிடம் ஊற வையுங்கள். எச்சில் பட்ட கரண்டி கிண்ணத்துக்குத் திரும்பக் கூடாது. குழியின் அடியிலிருந்து மேலே சிறிது சிறிதாக நிரப்பி, எலும்பு விளிம்பு மட்டத்தில் நிறுத்துங்கள். அழுத்தித் திணித்தால் துகள்களுக்கு நடுவே ரத்தக் குழாய் நுழைய இடமிராது. விளிம்புக்கு மேல் குவித்தால் ஈறு மூடாது, துகள்கள் வாய்க்குள் உதிர்ந்துகொண்டே இருக்கும்.

கொலாஜன் படலத்தைக் குழியின் விளிம்பைவிட இரண்டு மூன்று மி.மீ. கூடுதலாக வெட்டி, ஈறுக்கும் எலும்புக்கும் நடுவே செருகி, குறுக்குத் தையல் போடுங்கள். தளர்வாக ஆடும் படலத்தின் அடியில் எலும்புக்குப் பதில் சதைதான் வளரும். மேல் கடைவாய்ப் பகுதியில் சைனஸ் தரை உடைந்திருக்கிறதா என்று நிரப்பும் முன்பே பாருங்கள். உடைந்திருந்தால் துகள் சைனசுக்குள் போய்த் தொற்றை உண்டாக்கும்.

மிஞ்சிய துகளை என்ன செய்வது? குப்பையில் போடுங்கள். மறுபடி ஆட்டோகிளேவ் செய்து இன்னொருவருக்கு வைப்பது தொற்றுக்கு வழி. துகளின் தன்மையும் மாறலாம். ஒரு குப்பியை இரு நோயாளிகளுக்குப் பகிர்வதும் அதே குற்றம்தான்.

தையலை ஏழிலிருந்து பதினான்கு நாளுக்குள் எடுக்கலாம். இம்ப்ளான்டுக்கு நான்கு முதல் ஆறு மாதம் பொறுங்கள். மாட்டெலும்புத் துகளென்றால் ஆறு மாதத்தை ஒட்டியே வைத்துக்கொள்ளுங்கள். எக்ஸ்ரேயில் வெண்மையாகத் தெரிவதை எலும்பு என்று நினைத்துவிட வேண்டாம். முதல் நாளே துகள் வெண்மையாகத்தான் தெரியும். துளையிடும்போது கிடைக்கும் எதிர்ப்பும் ரத்தக் கசிவும்தான் உண்மையைச் சொல்லும்.

கை, கால் எலும்புகளில்

எலும்பு மருத்துவத்தில் இதே கனிமங்கள் பெரிய அளவில் பயன்படுகின்றன. முழங்கால் மூட்டுக்குக் கீழே எலும்பு நசுங்கி உண்டாகும் வெற்றிடத்தைக் கால்சியம் பாஸ்பேட் சிமெண்டால் நிரப்புவது ஒரு வழக்கம். இந்தச் சிமெண்ட் நேராக விழும் பாரத்தைத் தாங்கும், வளைவையும் முறுக்கையும் தாங்காது. தகடும் திருகும் இல்லாமல் இதை மட்டும் நம்பினால் நொறுங்கும். இறுகும்வரை மூட்டை அசைக்காதீர்கள், இடத்தில் ரத்தம் தேங்க விடாதீர்கள்.

இதே சிமெண்ட் ரத்தக் குழாய்க்குள் போனால் ரத்தம் உறைந்து நுரையீரலை அடைக்கும். 2003-04இல் அமெரிக்காவில், முதுகெலும்பு முறிவுக்கு அனுமதி பெறாத கால்சியம் பாஸ்பேட் சிமெண்ட் ஒன்றை ஊசிவழி செலுத்தியதில் மூன்று நோயாளிகள் அறுவை மேசையிலேயே இறந்தார்கள். தயாரித்த நிறுவனம் பின்னர் நீதிமன்றத்தில் குற்றத்தை ஒப்புக்கொண்டது. அட்டையில் எந்த இடத்துக்கு அனுமதி என்று எழுதியிருக்கிறதோ அந்த இடத்துக்கு மட்டும் என்பதில் விட்டுக்கொடுப்பு கிடையாது.

ஆன்டிபயாடிக் கலந்த கால்சியம் சல்ஃபேட் மணிகள் கரையும்போது புண்ணிலிருந்து வெள்ளை நீர் வடிவது வழக்கம், அதைச் சீழ் என்று பதறி மறுபடி திறக்க வேண்டாம். அதிக அளவு வைத்தால் ரத்தத்தில் கால்சியம் ஏறலாம். சிறுநீரகக் கோளாறு உள்ளவர்களுக்கு முதல் வாரத்தில் கால்சியம் அளவைச் சோதியுங்கள்.

பதிவேடும், நோயாளி அறிய வேண்டியதும்

பெட்டியில் வரும் ஸ்டிக்கரில் ஒன்றை நோயாளியின் கோப்பிலும், ஒன்றை அவர் கையில் கொடுக்கும் சீட்டிலும் ஒட்டுங்கள். 2021இல் அமெரிக்காவில், கொடையாளர் ஒருவரின் உயிர்ச்செல் அடங்கிய எலும்பு ஒட்டில் காசநோய்க் கிருமி இருந்தது தெரிந்தபோது, நூற்றுக்கும் மேற்பட்டவர்களைத் தேடிப்பிடித்து மருந்து தொடங்க உதவியது லாட் எண் பதிவுதான். தூய கனிமத் துகளில் அந்த அபாயம் இல்லை. ஆனால் ஒரு லாட் திரும்பப் பெறப்பட்டால், யாருக்கு வைத்தோம் என்று ஒரு மணி நேரத்தில் சொல்ல முடிய வேண்டும்.

நோயாளிகள் கவனத்துக்கு: எந்தப் பொருள், எதிலிருந்து வந்தது, அதன் ஸ்டிக்கர் எங்கே என்று கேட்க உங்களுக்கு உரிமை உண்டு. துகள் வைத்த முதல் சில நாளில் மணல்போன்ற நாலைந்து பொடி வாயில் வருவது சாதாரணம். தினமும் வந்துகொண்டே இருந்தால் போய்க் காட்டுங்கள். ஒரு வாரம் துப்பவோ, ஸ்ட்ராவில் உறிஞ்சவோ, புகைக்கவோ வேண்டாம். நாக்கால் தையலைத் தடவாதீர்கள். மறுநாளிலிருந்து மருத்துவர் சொன்ன குளோர்ஹெக்சிடின் நீரை வாயில் வைத்திருந்து, தானாக வழிந்து விழவிடுங்கள். மூன்றாம் நாளுக்குப் பிறகு வீக்கம் குறையாமல் கூடினால், காய்ச்சலோ சீழ்நாற்றமோ இருந்தால் அன்றே போக வேண்டும்.

கீழுதடும் தாடை நுனியும் மரத்துப்போகப் போட்ட ஊசியின் வேகம் சில மணி நேரத்தில் போய்விடும். மறுநாள் காலையிலும் அங்கே உணர்ச்சி இல்லையென்றால், ‘இரண்டு நாள் பார்ப்போம்’ என்று விடாதீர்கள். பொருள் நரம்புக் குழாயை அழுத்துகிறதா என்று ஸ்கேன் எடுத்துப் பார்க்க வேண்டும். அழுத்துகிறதென்றால் 48 மணி நேரத்துக்குள் எடுத்துவிடுவதில்தான் உணர்ச்சி திரும்புவதற்கான வாய்ப்பு அதிகம். கிளினிக் மூடியிருந்தால் அரசுப் பல் மருத்துவக் கல்லூரி மருத்துவமனையின் வாய், தாடை அறுவைப் பிரிவுக்குச் சீட்டோடு நேரே போய்விடுங்கள்.